'மோல்ட் ரெமிடியேஷன்': வியாழனுக்குள் ஒரு சொல் வேண்டும்

கூடலூரிலிருந்து:

சொல் தேடும் நண்பர்களுக்கு வணக்கம். ஈரச்சுவரில் படரும் 'மோல்ட்' பற்றி, மாணவர் விடுதிக் காப்பாளர்களுக்காக இரண்டு பக்கக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். மூலம், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அறிவுரைகள். தென்மேற்குப் பருவமழைக்கு முன் அச்சாக வேண்டும். நனைந்ததை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைப்பது, அறை ஈரப்பதத்தை 60 விழுக்காட்டுக்குக் கீழே வைப்பது, கெட்டியான பரப்பைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி உலர்த்துவது, பூத்த சுவரைப் பெயின்ட் அடித்து மறைக்காமலிருப்பது, எல்லாம் தமிழில் வந்துவிட்டது. தலைப்பில்தான் நிற்கிறேன். 'மோல்ட் ரெமிடியேஷன்', அதாவது அதை அகற்றிச் சரிசெய்வது, என்பதற்குப் 'பூஞ்சை ஒழிப்பு' என்று எழுதியிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

குன்னூரிலிருந்து:

பூஞ்சை வேண்டாம் அம்மா. பாடநூலில் காளானும் ஈஸ்ட்டும்கூடப் பூஞ்சைதான். சுவரில் படர்வதை வீட்டில் பூசணம் என்றுதானே சொல்கிறோம்? 'ஒழிப்பு' அதைவிட மோசம். தேயிலைக் கொப்புள நோய்க்கு மருந்து தெளித்துப் பழகியவர்கள் நாம். ஒழிப்பு என்றதும் எதையாவது அடித்தால் போதும் என்று நினைப்பார்கள். செத்த பூசணமும் ஒவ்வாமை தரும். துடைத்து எடுத்தே ஆக வேண்டும். 'பூசண நீக்கம்' என்பேன்.

கோத்தகிரியிலிருந்து:

பூசணம் பேச்சுத் திரிபு, பூஞ்சணமே செம்மை. 'பூ' முன் இன மெல்லெழுத்துத் தோன்றும் என்பது நன்னூல் விதி: பூஞ்சோலை, பூங்கொடி. அப்படியானால் 'சணம்' எது? சுணங்கு என்றே கருதுகிறேன். சங்கப் பாடல்களில் பெண்ணின் மேனியில் வேங்கைப் பூவைப்போலப் படரும் புள்ளி. வேங்கைப் பூ உதிர்ந்த பாறை புலியாகத் தோன்றும் என்று பாடிய மரபு நம்முடையது. சுவரில் புள்ளி புள்ளியாகப் படர்வதைப் பார்த்தவன் பூஞ்சுணம் என்றான். அது பூஞ்சணம் ஆயிற்று. தலைப்பில் 'ஞ்' இருக்கட்டும்.

உதகையிலிருந்து:

ஐயா, கட்டு + அணம் கட்டணம் ஆவதுபோல பூசு + அணம் பூசணம். சுவரில் பூசினாற்போலப் படிவது. இதற்குச் சுணங்குவரை போக வேண்டியதில்லை.

கோத்தகிரியிலிருந்து:

அப்படியானால் பூஞ்சணத்தில் மெல்லெழுத்து எங்கிருந்து வந்தது? கட்டணம் 'கண்டணம்' ஆகவில்லையே.

கூடலூரிலிருந்து:

இரண்டு ஐயாக்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தச் சொல்லை ஏன் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். போன ஆடியில் ஒரு விடுதி அறைக்குப் போயிருந்தேன். பத்து நாளாக வெயிலே இல்லை. சன்னல்கள் சாத்தியிருந்தன, கொடி முழுக்க ஈரத்துணி. வெளிச்சுவரோடு ஒட்டிய பீரோவுக்குப் பின்னால் ஆளுயரத்துக்குக் கறுப்பு. இரண்டு முறை பிளீச்சிங் பவுடர் போட்டுத் துடைத்திருக்கிறார்கள். இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டது. அப்புறம் கூரைத் தண்ணீர் வடியும் ஓட்டைப் பீலியை மாற்றி, பீரோவை ஒரு சாண் தள்ளிவைத்து, துணியைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோன பிறகுதான் நின்றது. அந்த அறையில் தூங்கிய பிள்ளைகள் இருமியது இன்னும் காதில் இருக்கிறது. தண்ணீரை நிறுத்தாமல் பூசணத்தை மட்டும் நீக்குவது வீண். தலைப்பிலேயே அது தெரிய வேண்டும். சுவரில் ஊறும் ஈரத்துக்கு நம்மிடம் 'ஓதம்' இருக்கிறதே, 'ஓதநீக்கம்' என்றால் என்ன?

உதகையிலிருந்து:

ஓதம் அருமையான சொல், ஆனால் பாசுரங்களில் அது கடல். வைத்தியத்தில் விரைவீக்கம். ஆண்கள் விடுதிச் சுவரில் 'ஓதநீக்கம்' என்று ஒட்டினால் அறுவை சிகிச்சை முகாம் என்று எண்ணுவார்கள். 'ஈரம்' போதாதா?

குன்னூரிலிருந்து:

போதாது. துடைத்த தரையிலும் ஈரம் உண்டு. சுவருக்குள் ஊறி ஏறுவதுதான் ஓதம். கொத்தனாருக்குச் சொன்னால் புரிகிறது. ஒரே சொல்லில் அடைக்காமல் இரண்டாக வைத்துவிடலாமே?

கூடலூரிலிருந்து:

வியாழன் இரவு. 'ஓதத் தடுப்பும் பூசண நீக்கமும்' என்று அனுப்பிவிட்டேன். கலைச்சொல்லுக்கு இது நீளம் என்று தெரியும். தடுப்பு முன்னால் நிற்பதால் ஏற்றுக்கொண்டேன். உதகை ஐயாவும் சரி என்று எழுதிவிட்டார். ஓதம் என்றால் என்ன என்று முதல் பத்தியிலேயே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

கோத்தகிரியிலிருந்து:

அச்சுக்குப் போனது போகட்டும், பிள்ளைகளுக்கு உதவினால் சரி. மறுபதிப்பு வந்தால் 'பூஞ்சண நீக்கம்' என்று திருத்துங்கள் அம்மா. மெல்லெழுத்துக்கு உதகையிலிருந்து இன்னும் விடை வரவில்லை.