கோச் ஊசி போடச் சொல்கிறார், முன்னாடி என்ன டெஸ்ட் எடுக்கணும்?

திருப்பூர்_பையன்:
வணக்கம் அண்ணன்களே. வயது 21, எடை 68 கிலோவிலேயே நிற்கிறது. அடுத்த வருடம் மாவட்ட ஆணழகன் போட்டியில் மேடை ஏற ஆசை. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும், டெக்கா என்கிற நான்ட்ரோலோன் ஸ்டீராய்டும் சேர்த்துப் போட்டால் சீக்கிரம் ஏறும், மாத்திரைதான் கல்லீரலைக் கெடுக்கும், ஊசி ஒன்றும் செய்யாது என்கிறார் கோச். மருந்தும் அவரே தருவாராம். முன்கூட்டியே என்ன டெஸ்ட் எடுத்தால் பாதுகாப்பு?

லேப்_கதிர்:
தம்பி, கோச் சொல்வது பாதிதான் உண்மை. மாத்திரையோடு ஒப்பிட்டால் ஊசியால் கல்லீரலுக்குப் பாதிப்பு குறைவு, சரி. ஆனால் வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும் விரையை வேலை செய்யவைக்கும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஹார்மோன்களின் சுரப்பை மூளை குறைத்துவிடும், விரை சுருங்கும், விந்தணு குறையும், சிலருக்குச் சுத்தமாக இல்லாமலே போகும். ஊசியை நிறுத்திய பிறகு பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடமும் தாண்டும். நல்ல கொழுப்பான எச்.டி.எல். இறங்கும், ரத்தம் கெட்டியாகும், இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கலாம், இதெல்லாம் கண்ணாடியில் தெரியாது. டெக்கா எண்ணெயில் கரைத்த மருந்து, தசையிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும், பக்கவிளைவு வந்துவிட்டது என்று உடனே வெளியே எடுக்க முடியாது.

டெஸ்ட் என்றால் பிபி, ஹீமாட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), கொழுப்பு, சர்க்கரை, கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), கல்லீரல், ஹார்மோன்கள், விந்துப் பரிசோதனை, ஈ.சி.ஜி., எக்கோ (இதய ஸ்கேன்). கனமாக எடை தூக்கிய மறுநாள் ரத்தம் கொடுக்காதே, கல்லீரல் டெஸ்டில் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்சைம்கள் இரண்டும் தசையிலிருந்தே ஏறிக் காட்டும். எல்லாம் நார்மல் என்று வந்தாலும் அது இன்றைய நிலைதான், ஊசி போட்ட பிறகு என்ன ஆகும் என்பதை எந்த ரிப்போர்ட்டும் சொல்லாது.

நர்ஸ்_அக்கா:
எனக்கு டெஸ்ட்டை விட, மருந்தை கோச்சே தருவார் என்பதுதான் பயமாக இருக்கிறது. ரசீது இல்லாத குப்பியில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, சுத்தமானதா, யாருக்கும் தெரியாது. ஒரே குப்பியில் பலர் ஊசி குத்தி எடுத்தால் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. வரை பரவும், குத்திய இடத்தில் சீழ் கட்டி அறுத்து எடுக்க வேண்டிவரும். அப்புறம் பயிற்சிக்கு முன் வெறி ஏற்ற மெஃபென்டர்மின் என்று ஒன்றை நீட்டினால் தொடவே தொடாதே. அறுவை சிகிச்சையில் இறங்கிய ரத்த அழுத்தத்தை ஏற்றுவதற்கான மருந்து அது, நல்லா இருக்கிற உடம்பில் போட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், பழக்கமும் ஆகிவிடும்.

திருப்பூர்_பையன்:
நன்றி அண்ணா, அக்கா. அப்பாவுக்கு பிபி உண்டு, சித்தப்பாவுக்குச் சின்ன வயதிலேயே ஹார்ட் அட்டாக் வந்தது. அது கணக்கா?

லேப்_கதிர்:
அதுதான் முதல் கணக்கு. ஊசியை ஒதுக்கிவிட்டு இதய டாக்டரைப் பார், கோச் சொன்னதை மறைக்காமல் சொல். ஊக்கமருந்து சோதனை உள்ள போட்டி என்றால் டெக்காவின் எச்சம் சிறுநீரில் மாதக்கணக்கில் பிடிபடும், அதையும் யோசி. தினமும் என்ன சாப்பிடுகிறாய் என்று இங்கே எழுது, 68 கிலோவுக்கு 110 கிராம் புரதம் வருகிறதா என்று முதலில் பார்ப்போம்.