பல மணி நேரத் தொலைக்காட்சிப் பதிவு அறுபடாமல் இருக்க வழி கேட்கிறேன்

வணக்கம். சென்னை காசிமேட்டில் வசிக்கிறேன். இரவில் மட்டுமே ஆற அமரக் கேட்க முடிகிற என் தந்தையாருக்காக, டிடி தமிழின் இசை நிகழ்ச்சிகள் எதுவும் விடுபடாதபடி நாள்தோறும் 10 மணி நேரம் தொடர்ச்சியாகப் பதிவு செய்ய வேண்டும்.

செட்டாப் பெட்டியில் பென் டிரைவைச் செருகிப் பதிந்தபோது, கோப்பு 4 ஜிபியைத் தொட்டதும் பதிவு நின்றுவிட்டது. பென் டிரைவில் கோப்புகளை அடுக்கும் ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு அதற்கு மேல் வளராது என்பது பிறகுதான் புரிந்தது. ஒளிபரப்பு வினாடிக்கு 4 மெகாபிட் என்று கொண்டாலே மணிக்கு 1.8 ஜிபி, 10 மணி நேரத்துக்கு 18 ஜிபி ஆகிறது.

ஆகவே, மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் ஆண்டெனாவை, சமிக்ஞையைப் பெற்றுத் தரும் யூஎஸ்பி டியூனர் வழியாக ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியுடன் இணைத்து, டிவிஹெட்எண்ட் என்ற தொலைக்காட்சிப் பதிவு மென்பொருளில் நேரம் குறித்து, தனி மின்சாரம் பெறும் ஹார்டு டிஸ்க்கில் சேமிக்க எண்ணியுள்ளேன். அந்தக் கணினியின் லினக்ஸ் இயங்குதளத்தில் சிக்கலின்றி இயங்கும் டிவிபி-எஸ்2 (செயற்கைக்கோள் ஒளிபரப்பு முறை) டியூனர் ரிச்சி தெருவில் கிடைக்கிறதா? சில நிமிட மின்தடையைத் தாங்க எவ்வளவு திறனுள்ள யூபிஎஸ் போதும்? கடற்காற்றில் எல்என்பி (ஆண்டெனாவின் முன்னுள்ள சமிக்ஞை வாங்கி) இணைப்பு துருப்பிடித்துச் சமிக்ஞை அடிக்கடி குறைகிறது. இதுவே என் பெரிய கவலை. ராயபுரம், தண்டையார்பேட்டைப் பகுதிகளில் இதைச் சமாளித்தவர்கள் தங்கள் அனுபவத்தைத் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.