லெமூருக்குத் தமிழ்ப் பெயர்: தேவாங்கை விட்டுவிடுவோம்

வணக்கம் எல்லோருக்கும்.

பள்ளிக்கூடத்து விலங்குப் பட்டியலில் மடகாஸ்கர்த் தீவின் லெமூருக்குத் தமிழில் என்ன எழுதலாம் என்று ஹட்டன் டீச்சர் கேட்டதிலிருந்து தேவாங்கு, நரிக்குரங்கு, ஆவிக்குரங்கு என்று வரிசையாகச் சொற்கள் வந்துகொண்டிருக்கின்றன. எனக்கு இவற்றில் ஒன்றும் சரியாகப் படவில்லை. அதிலும் தேவாங்கு கட்டாயம் கூடாது. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதுளை அண்ணா, நீங்கள் சொன்ன வரலாறு உண்மைதான். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் 1754இல் லெமூர் என்ற பெயரை முதலில் வைத்ததே நம்முடைய செந்தேவாங்குக்குத்தான். ராத்திரியில் மெதுவாக உலாவுகிறது, ஏதோ ஒரு விதத்தில் மனிதச் சாயலும் இருக்கிறது என்பதால், ரோமர்கள் இறந்தவர்களின் ஆவிக்கு வைத்திருந்த பெயரை எடுத்து அதற்கு வைத்தார். 1758இல் மடகாஸ்கரின் வளையவால் லெமூரையும் அதே பெயருக்குள் சேர்த்தார். பிறகு விலங்கியலாளர்கள் தேவாங்கை அதிலிருந்து பிரித்து வேறு பேரினமாக்கிவிட்டார்கள், லெமூர் என்ற பெயர் மடகாஸ்கர்க்காரர்களிடமே தங்கிவிட்டது. அப்படியென்றால் தமிழிலும் லெமூரைத் தேவாங்கு என்று சொன்னால் என்ன என்று கேட்கிறீர்கள். அறிவியல் 200 வருடத்துக்கு முன்பே பிரித்து வைத்ததை நாம் ஏன் திரும்பவும் குழப்ப வேண்டும்? ஆவிக்குரங்கு என்பதும் இதே காரணத்தால்தான் பொருந்தாது. அந்த ‘ஆவி’ ராத்திரியில் நடமாடும் தேவாங்கைப் பார்த்து வந்தது. வளையவால் லெமூரோ காலையில் வெயில் வந்ததும் கைகளை விரித்துத் தொடையில் வைத்துக்கொண்டு, வயிற்றைச் சூரியனுக்குக் காட்டி உட்கார்ந்திருக்கும் பகல் பிராணி. அதைப் போய் ஆவி என்றால் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்?

இதைவிடப் பெரிய காரணம் நம் இலங்கை மலைநாட்டிலேயே இருக்கிறது. ஹோட்டன் சமவெளிப் பக்கத்துக் காடுகளில் செந்தேவாங்கில் ஒரு மலைக்கிளையினம் இருக்கிறது. கீழ்நாட்டுத் தேவாங்கைவிட ரோமம் அடர்த்தி, கைகால் கொஞ்சம் குட்டை, குளிருக்கு ஏற்ற உடம்பு. 1930களின் கடைசியில் அதை அறிந்த பிறகு அறுபது வருடத்துக்கு மேல் அது எவர் கண்ணிலும் படவில்லை, அழிந்தே போய்விட்டதென்று பலர் நினைத்தார்கள். 2010இல் அதன் புகைப்படம் உலகச் செய்தியானபோது நம் தோட்டங்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்தது? தேவாங்குக்குத் தாவ வராது. ஒரு கொப்பை விடாமல் பிடித்துக்கொண்டு அடுத்த கொப்பைப் பிடித்தால்தான் நகரும். கோப்பிக்கும் தேயிலைக்கும் வெட்டிய காடு துண்டு துண்டாகக் கிடக்கிறது, ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குப் போக அதற்கு வழியே கிடையாது. போதாததற்கு, கண்ணில் பட்டால் தோஷம் என்று அடிக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ‘தேவாங்கு மடகாஸ்கரில் வாழும் விலங்கு’ என்று பாடத்தில் படித்த பிள்ளை, தன் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) பின்னால் உள்ள காட்டில் இருப்பதை என்னவென்று சொல்லும்?

ஹோட்டன் சமவெளிக்குக் கிட்ட உள்ள ஓகியாப் பக்கம் ஒரு மாமாவோடு ராத்திரியில் போய் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். டோர்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொண்டுதான் போனோம், வெள்ளை வெளிச்சம் அதன் கண்ணுக்கு ஆகாது. முதலில் இரண்டு செம்மஞ்சள் புள்ளிகள் மட்டும் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் முழு உடம்பும் தெரிந்தது, இரண்டு கைக்குள் அடங்கிவிடும் அளவு. வால் என்று சொல்ல ஒன்றுமில்லை. பின்காலால் கொப்பைப் பிடித்தபடி உடம்பை நீட்டி, ஒரு பூச்சியை இரண்டு கையாலும் சட்டென்று பிடித்தது. அதுவரை அவ்வளவு நிதானமாக இருந்த பிராணி அது.

வளையவால் லெமூரை சிங்கப்பூர் மிருகக்காட்சிச்சாலையில்தான் பார்த்தேன். அங்கே கூடு இல்லை, கூரை போட்ட ஒரு காட்டு மண்டபத்துக்குள் நம் பக்கத்திலேயே திரிகின்றன. ஓர் ஆண் லெமூர் தன் வாலை முன்னால் இழுத்து மணிக்கட்டில் தேய்த்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் வாசனைச் சுரப்பியும் முள் மாதிரி ஒரு கொம்புத்துண்டும் இருக்கின்றன. அந்த நாற்றத்தை வாலில் ஏற்றி எதிரியை நோக்கி ஆட்டுவதுதான் அவற்றின் சண்டை. கூட்டத்தில் அதிகாரம் பெண்களுக்குத்தான், சாப்பாட்டில் முதல் உரிமையும் அவர்களுக்கே. ஆனால் எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது இந்திரி. கறுப்பு வெள்ளை, குட்டை வால், இன்று வாழும் லெமூர்களில் மிகப் பெரிது, குடும்பமாகச் சேர்ந்து பாடும். அந்தச் சத்தம் காட்டைத் தாண்டிக் கேட்கும். இந்திரியை எந்த மிருகக்காட்சிச்சாலையிலும் பார்க்க முடியாது. பிடித்து வளர்க்கப் பார்த்தவை பிழைக்கவில்லை. மடகாஸ்கரின் அண்டசிபே காட்டுக்கே போக வேண்டும், ஒருநாள் போவேன்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். லெமூரை லெமூர் என்றே எழுதுவோம். அன்னியச் சொல் என்று சிலர் வருத்தப்படுகிறீர்கள். 1864இல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர், மடகாஸ்கரின் லெமூர்களையும் இந்தியப் பக்கத்து உறவுக்காரர்களையும் இணைக்கக் கற்பனை செய்த நிலத்துக்கு வைத்த பெயர்தான் லெமூரியா. கண்டங்கள் நகர்வது தெரிந்ததும் விஞ்ஞானம் அதைக் கைவிட்டது. நாமோ குமரிக்கண்டத்தோடு சேர்த்து தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்தச் சொல் நம் வாயில் எப்போதோ ஏறிவிட்டது. முன்னால் இகரம் போட்டு ‘இலெமூர்’ என்றும் வேண்டாம். லயம் என்றுதானே எழுதுகிறோம், இலயம் என்று யாரும் எழுதுவதில்லையே.

புதிதாகச் சொல் வேண்டியது வேறொன்றுக்கு. லெமூரும் தேவாங்கும் ஒரே பெரும்பிரிவு. நாய்க்கு இருப்பதுபோல மூக்கு நுனி எப்போதும் ஈரமாக இருக்கும், பெரும்பாலானவற்றுக்குக் கீழ் முன்பற்கள் சேர்ந்து சீப்பு மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், அதை வைத்து ரோமத்தை வாரிக்கொள்ளும். இந்தப் பிரிவுக்கு நான் முன்வைப்பது ‘ஈரமூக்கி’. குரங்கும் நாமும் அந்தப் பக்கம், ‘உலர்மூக்கி’. அந்தப் பல்லுக்குப் ‘பற்சீப்பு’. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளக்கம் இல்லாமலே புரியும். டீச்சர், நரிக்குரங்கை நான் தள்ளுவதும் இதனால்தான். குரங்கு என்ற சொல்லே அதில் வரக்கூடாது.

இனங்களுக்குக் கண்ணில் படும் அடையாளத்தை வைத்தே பெயர் வைக்கலாம்: வளையவால் லெமூர், சுண்டெலி லெமூர் (அதில் ஒன்று 30 கிராம்தான், முதனி என்கிற, குரங்கும் லெமூரும் நாமும் அடங்கிய வரிசையில் உலகிலேயே மிகச் சிறியது), வாலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு வருடத்தில் ஏழு மாதம்வரை தூங்கும் குள்ள லெமூருக்குக் கொழுவால் லெமூர். இந்திரி, சிபாக்கா, அய்-அய் என்ற மூன்று லெமூர்களின் பெயரையும் அப்படியே விடுவோம். அய்-அய்யின் மெலிந்த நடுவிரலை வைத்து ‘குச்சிவிரலி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல், அடைமொழியாக வைத்துக்கொள்ளலாம்.

ஈரமூக்கிக்கு மறுப்பு இருந்தால் இந்தக் கிழமைக்குள் எழுதுங்கள். டீச்சர் பட்டியலை அனுப்பும்போது தேவாங்குக்குத் தனி வரி கொடுத்து, வாழிடம் என்ற இடத்தில் ஹோட்டன் சமவெளி என்றும் சேர்த்துவிடுங்கள்.