சூழல் வடிவமைப்பு படித்தவர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பிளஸ் டூ மாணவியின் அம்மா:
என் மகள் சூழல் வடிவமைப்புதான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1959-இல் தொடங்கிய கல்லூரியைக் காட்டினாள். கட்டடக்கலை, நகரத் திட்டமிடல், லேண்ட்ஸ்கேப் (கட்டடத்தைச் சுற்றியுள்ள நிலம், நீர், மரம் எல்லாவற்றையும் வடிவமைப்பது) எல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ் இருக்கிறதாம். அவ்வளவு தூரம் அனுப்ப எங்களுக்கு வசதியில்லை. இங்கேயே என்ன படிக்கலாம், படித்தால் என்ன வேலை கிடைக்கும்? இந்தத் துறையில் இருப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

லேண்ட்ஸ்கேப் படித்தவள், சென்னை:
அக்கா, அந்தப் பெயரிலேயே பட்டம் தேடினால் நம் நாட்டில் குறைவாகத்தான் கிடைக்கும். பலரும் போகிற வழி வேறு. நாட்டா என்கிற கட்டடக்கலை நுழைவுத் தேர்வு எழுதி ஐந்து வருட பி.ஆர்க் (கட்டடக்கலைப் பட்டம்) படிப்பது, அப்புறம் முதுகலையில் லேண்ட்ஸ்கேப் அல்லது சுற்றுச்சூழல் திட்டமிடல். டெல்லியில் எஸ்.பி.ஏ. என்கிற திட்டமிடல், கட்டடக்கலைக் கல்வி நிறுவனத்தில் இரண்டும் உண்டு. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தில் லேண்ட்ஸ்கேப் நன்றாகச் சொல்லித் தருவார்கள்.

வேலை எப்படி இருக்கும் என்று கேட்டால் ஒரு நாளைச் சொல்கிறேன். பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஐப்பசி வந்தால் கீழ்த்தளத்தில் தண்ணீர் நின்றுவிடும். வளாகம் முழுக்க மழைநீர் உறிஞ்சு கிணறுகள் தோண்டிவிடலாம் என்று சங்கத்தில் முடிவே எடுத்துவிட்டார்கள். முதலில் மண்ணைப் பார்ப்போம் என்றேன். முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, ஒரு முறை தண்ணீர் ஊற்றி ஊற வைத்து, மறுபடி நிரப்பி, உள்ளே ஸ்கேலை நட்டு வைத்தோம். சாயந்திரம் வரை ஒரு விரற்கடை கூட இறங்கவில்லை. சுத்தமான களிமண். கிணறு தோண்டியிருந்தால் அதுவும் நிரம்பி நின்றிருக்கும்.

கூட வந்த மேஸ்திரி டியூப் லெவலை (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) பிடித்துக்கொண்டே, "மேடம், தண்ணி இந்த மூலைக்குத்தான் போகப் பாக்குது, நடுவுல செவுரு கட்டி மறிச்சுட்டாங்க" என்றார். மட்டம் எடுத்துப் பார்த்தால் அவர் சொன்னது அப்படியே சரி. சுவரில் திறப்பு விட்டு, புல் பதித்த ஆழமில்லாத வாய்க்கால் ஒன்றை அந்த மூலைக்குக் கொண்டுபோய், அங்கே குட்டை வெட்டி, கரையில் நீர்மருதும் பூவரசும் வைத்தோம். சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அத்தனை தண்ணீருக்கும் போக ஒரு வழி, நிற்க ஓர் இடம் காட்ட வேண்டும். லேண்ட்ஸ்கேப் என்றால் செடி வைப்பது என்று நினைப்பவர்களிடம் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

பசுமைக் கட்டட ஆலோசகர், கோவை:
நான் பி.ஆர்க் முடித்து, கட்டடங்களின் வெப்பக் கணக்குப் போடும் பக்கம் போனவன். ஒரு சென்னை அலுவலகத்துக்காரர் வடக்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி கேட்டார். வடக்கில் வெயிலே படாது என்பது அவருடைய நம்பிக்கை. மே மாதம், நடு மத்தியானம், மொட்டை மாடியில் ஒரு மீட்டர் குச்சியை நிறுத்திக் காட்டினேன். ஒரு சாணுக்கும் குறைவான நிழல், தெற்கே விழுந்தது. சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கேதான். காலையும் மாலையும் சாய்வாக வரும் வெயில் வடக்குக் கண்ணாடியில் நேராகவே படும். அதற்குத் தலைக்கு மேல் நீளும் சன்ஷேடு போதாது, செங்குத்தாக நிற்கும் பலகைகள் வேண்டும். அவர் கண்ணாடியைப் பாதியாகக் குறைக்கச் சம்மதித்தார். ஏசியின் அளவும் அதோடு குறைந்தது. மேற்குச் சுவர்தான் இன்னும் பெரிய தொல்லை, அதைத் தனியாக எழுதுகிறேன்.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டில் இருப்பவர்:
ஒரு திட்டம் வந்தால் சுற்றுப்புறத்துக்கு என்ன பாதிப்பு என்று முன்கூட்டியே ஆராய்ந்து அறிக்கை தருவது எங்கள் வேலை. மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுகிற திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். எங்கள் வேலைக்கு அதுவே பெரிய ஆதாரம். தொழிற்சாலை, சுரங்கம் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டமும் நடக்கும். அப்படி ஒரு கூட்டத்தில் வயதான அம்மா ஒருவர் எழுந்து, எங்கள் அறிக்கையைக் காட்டி, "தரிசுன்னு போட்டிருக்கீங்களே, எங்க ஆடு மாடெல்லாம் அங்கதானே மேயுது" என்று கேட்டார். வருவாய்ப் பதிவேட்டில் அது தரிசுதான். மறுநாள் அவரோடு நடந்து, மேய்ச்சல் தடத்தை வரைபடத்தில் ஏற்றினோம். அறிக்கையில் எனக்குப் பிடித்த பக்கம் அதுதான்.

அக்கா, ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு அனுப்புங்கள். ஆரம்பச் சம்பளம் ஐ.டி. அளவுக்கு இருக்காது. பி.ஆர்க் முடித்துப் பதிவு செய்தால்தான் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியும், கட்டடக்கலைஞர்களுக்கான 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. வேலை தேடும்போது பட்டத்தின் பெயரை வைத்துத் தேடாமல் லேண்ட்ஸ்கேப், எரிசக்தி, தாக்க மதிப்பீடு, நகரத் திட்டமிடல் என்று வேலையின் பெயரில் தேடச் சொல்லுங்கள். இந்தக் கோடை விடுமுறையில் ஏதாவது ஓர் அலுவலகத்தில் கேட்டு, சைட்டுக்குப் போய்ப் பார்க்கட்டும். வெயிலில் நின்று மண்ணைப் பார்ப்பது பிடித்துப்போனால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.