மதுரைப் பக்கம் பையனோடு ஏற ஒரு சின்ன மலை?

கேள்வி:
ஒன்பது வயசுப் பையன் யூடியூபில் எவரெஸ்ட் பார்த்துவிட்டு மலை ஏறணும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். எனக்கோ வலது முழங்கால் கொஞ்சம் தகராறு. திருப்பரங்குன்றம், அழகர்மலை இரண்டுக்கும் போயாகிவிட்டது. கூட்டமில்லாமல், ஞாயிறு காலை ஏறிப் பத்து மணிக்குள் வீடு திரும்பும்படி மதுரையைச் சுற்றி எது இருக்கிறது?

பதில் 1:
கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போங்கள். நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கம். அடிவாரத்தில் ஆலமரம், தாமரைக்குளம், கருப்பசாமி கோயில். அங்கிருந்து படி ஏறினால் பேச்சிப்பள்ளம்.

பதில் 2:
தம்பி, மேலே சொன்னவர் பாதியோடு நிறுத்திவிட்டார். ரிட்டையரான பிறகு மாசம் இரண்டு தடவையாவது சமணர் மலைக்குப் போகிறவன் நான், மீதியைச் சொல்கிறேன்.

பேச்சிப்பள்ளத்தில் ஒரு சுனை, அதன் மேல் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், அதாவது சமணர்கள் வணங்கும் ஞானிகள், கீழே வட்டெழுத்து என்கிற பழங்காலத் தமிழ் எழுத்து. ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழசு. சிற்பத்தைப் பார்க்க ஏழு மணிக்கு முன்னால் நில்லுங்கள். சாய்வெயிலில்தான் மூக்கும் காதும் எழுந்து வரும், உச்சி வெயிலில் எல்லாம் ஒரே சப்பை. படி அதோடு முடிந்துவிடும். அதற்கு மேல் வெறும் பாறைச் சரிவு. உச்சிப் பக்கம் தீபத்தூண் அருகே ஒரு கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. மதுரையில் கன்னடம் எப்படி வந்தது என்று பையன் கேட்பான், கர்நாடகத்திலிருந்து சமணர்கள் இங்கே வந்து போனதைச் சொல்லுங்கள்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் முழங்கால் அழும். நேராக இறங்காமல் குறுக்கே வளைந்து வளைந்து வாருங்கள். தூறல் போட்டால் அன்றைக்கு ஏறவே வேண்டாம், காய்ந்த பாசி நனைந்தால் சோப்புதான். போன ஐப்பசியில் நானே உட்கார்ந்தபடி பத்தடி வழுக்கி வேட்டியைக் கிழித்துக்கொண்டு வந்தேன். வீட்டில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

மறுபக்கம் இருக்கிற செட்டிப்புடவு குகையை விட்டுவிடாதீர்கள். உள்ளே சிங்கத்தின் மேல் அமர்ந்த இயக்கி என்கிற சமணப் பெண் தெய்வம், யானை மேல் வருகிறவனோடு சண்டை போடுவாள். பையனுக்கு எவரெஸ்ட் மறந்துவிடும்.

பதில் 3:
மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழு குன்றுகள். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று ஊர்கள் திரண்டதும், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானதும் தெரிந்திருக்கும். குடைவரைச் சிவன் கோயில், சிவனின் அவதாரம் என்று சொல்லப்படும் லகுலீசர் சிற்பம், கழிஞ்சமலையில் மிகப் பழைய தமிழி எழுத்துக் கல்வெட்டு, துறவிகள் படுக்கப் பாறையில் வெட்டிய கற்படுக்கை எல்லாம் உண்டு. பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள், லகர் வல்லூறு என்கிற வேட்டைப் பறவை கண்ணில் படலாம். பாறை இடுக்கில் தேனடை தெரிந்தால் சத்தம் போடாமல் தள்ளி நடங்கள். சென்ட் அடித்துக்கொண்டு வராதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
இன்று சமணர் மலை போய் வந்தோம். ஐந்தே முக்காலுக்கே அடிவாரத்தில் இருந்தோம். ஐயா சொன்னது சரி, ஆறரை வாக்கில் வெயில் சாய்ந்து விழுந்ததும் ஒவ்வொரு முகமாக வெளியே வந்தது. தீபத்தூண் வரை போகவில்லை, என் கால் கேட்கவில்லை. கன்னடக் கல்வெட்டு அடுத்த தடவைக்கு.

சிற்பத்துக்குக் கொஞ்சம் தள்ளி எவனோ காதலி பேரைப் பாறையில் கீறி வைத்திருந்தான். இதுவும் வட்டெழுத்தா அப்பா என்றான் பையன்.

பதில் 2:
அடுத்த ஞாயிறு நானும் வருகிறேன் தம்பி. கருப்பசாமி கோயில் ஆலமரத்தடியில், ஐந்தரைக்கு.