ஷுல்ஹோஃபின் 'ஹாட் சொனாட்டா': மூன்றாம் பகுதியில் உதவி தேவை

இசையமைப்பாளர் எர்வின் ஷுல்ஹோஃப் 1930-இல் ஆல்டோ சாக்ஸபோனுக்கும் பியானோவுக்கும் எழுதிய சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட கருவியிசைப் படைப்பு) இது. நான்கு பகுதிகளில் மூன்றாவதுதான் சிக்கல். சுரம் வழுக்கி இறங்கும் இடங்களில் விரல் மாற்றினால் படிக்கட்டு போல உடைகிறது. உதட்டைத் தளர்த்தினாலோ கீழ்ஸ்தாயியில் சுருதி அவ்வளவாக வளைவதில்லை. சாக்ஸபோன் சாவிகளைப் பாதி திறந்து வாசித்தவர்கள் உண்டா? ரீட் (ஊதும் முனையில் அதிரும் நாணல் தகடு) கடினத்தன்மை 2½ போதுமா, 3 வேண்டுமா?

எய்ட்த் நோட்டுகளை (அரைத் தட்டுச் சுரங்கள்) ஸ்விங் ஆக்கினால், அதாவது ஜோடியில் முதலாவதை நீட்டி இரண்டாவதைக் குறுக்கினால், பியானோவோடு ஒட்டவில்லை. நேராக வாசிப்பதே சரியென்று தோன்றுகிறது (1920-களின் நடன ஜாஸ்தானே!).

நிகழ்ச்சிக் குறிப்பையும் பாருங்கள்: 'பிராகில் பிறந்த யூதர், கம்யூனிஸ்ட். 1941-இல் கைதாகி, 1942 ஆகஸ்ட் 18 அன்று ஜெர்மனியில் பவேரியாவின் வூல்ட்ஸ்பர்க் நாஜி முகாமில் காசநோயால் இறந்தார்.' தெரேசின் முகாம் (யூத இசைக்கலைஞர்கள் பலர் அடைக்கப்பட்ட இன்னொரு நாஜி முகாம்) என்று யாராவது திருத்த வந்தால் ஏற்காதீர்கள்.