சின்ன விமானம்: நானே கட்டுவதா, கட்டியதை வாங்குவதா?

காற்றுத்திசை:
விமானி உரிமம் கையில் இருக்கிறது, வாடகை விமானத்துக்கு முறை வைத்துக் காத்திருப்பது அலுத்துவிட்டது. இரண்டு பேராவது உட்காரும் சின்ன விமானம் ஒன்று சொந்தமாக வேண்டும். ஆர்வி-7 மாதிரி, பாகங்களாக வருகிற அலுமினியக் கிட் வாங்கிக் கொட்டகையில் வைத்து நானே கட்டுவதா, இல்லை செஸ்னா 150, 172 என்று தொழிற்சாலையில் செய்த பழைய விமானம் ஒன்றை வாங்கிவிடுவதா? அமெரிக்க விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் எஃப்ஏஏ விதிகளின் கீழ்தான் எனக்கு எல்லாம். "கட்டப் பிடித்தால் கட்டு, பறக்கப் பிடித்தால் வாங்கு" என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள், அதை விட்டுவிட்டு வேறு ஏதாவது சொல்லுங்கள்.

ரிவெட்கை:
கட்டுங்கள். பாதிக்கு மேல் வேலையைப் பொழுதுபோக்காகவோ கற்றுக்கொள்வதற்காகவோ செய்பவர்களே செய்திருக்க வேண்டும், அதைத்தான் 51 சதவீத விதி என்கிறோம். அப்படிக் கட்டியவருக்கு அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் ரிப்பேர்மேன் சான்றிதழ் கிடைக்கும், வருடாந்திரப் பரிசோதனையை நீங்களே செய்து கையெழுத்துப் போடலாம். தொழிற்சாலை விமானத்தில் ஆயில், டயர், ஸ்பார்க் பிளக் மாதிரி சில வேலைகள்தான் உரிமையாளருக்கு, அதைத் தாண்டினால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். அப்புறம் வேகம். அதே 180 குதிரைத்திறன் லைகாமிங் என்ஜினை வைத்துக்கொண்டு 172 கிட்டத்தட்ட 125 நாட் போகும், ஆர்வி-7 170 நாட்டைத் தொடும். ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் இந்தக் கேள்வியே வராது.

சாம்பல்ஹாங்கர்:
170 நாட் சரி அண்ணே, எந்த வருடம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்த மாதிரி கிட்டுக்கு 1,500 மணி நேரம் என்பதே நல்லபடியாகப் போனால்தான். வாரத்துக்கு 10 மணி நேரம் ஒதுக்கினாலும் 3 வருடம் ஆகும், வேலைக்குப் போகிற மனுஷனால் வாரம் தவறாமல் 10 மணி நேரம் ஒதுக்க முடியுமா என்ன? விற்பனைப் பக்கங்களைப் பாருங்கள், பாதியில் நின்றுபோன கிட்களுக்குப் பஞ்சமே இல்லை. அதைவிட மோசம், கட்டுகிற ஆள் பறப்பதையே விட்டுவிடுவார், கை துருப்பிடித்த நேரத்தில் யாரும் ஓட்டிப் பார்க்காத விமானத்தில் ஏறி உட்காருவார். அமெரிக்க விபத்து விசாரணை வாரியமான என்டிஎஸ்பி 2012ல் வெளியிட்ட ஆய்வு நினைவிருக்கிறதா? வீட்டில் கட்டிய விமானங்கள் அமெரிக்காவில் விமான நிறுவனங்களோ ராணுவமோ ஓட்டாத பொது ரக விமானங்களில் 10 சதவீதம்கூட இல்லை, ஆனால் 2011ல் அந்த ரகத்தில் நடந்த விபத்துகளில் 15 சதவீதம் வீட்டில் கட்டியவற்றுடையது, உயிர்ச்சேத விபத்துகளில் 21 சதவீதம்.

ரிவெட்கை:
அந்த ஆய்வை முழுசாகப் படியுங்கள் தம்பி. 2011ல் விபத்துக்குள்ளான அந்த விமானங்களில் பாதிக்கு மேல், வேறு ஒருவர் கட்டியதை இரண்டாம் கையாக வாங்கியவை. கட்டியவருக்கு ஒவ்வொரு குழாயும் எங்கே போகிறது என்று தெரியும், வாங்கியவருக்குத் தெரியாது. பாடகர் ஜான் டென்வர் 1997ல் இறந்தது அப்படித்தானே? அவர் வாங்கிய லாங்-ஈஸி விமானத்தில் எரிபொருள் டேங்க் மாற்றும் வால்வு இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. திரும்பி அதை எட்டப் போகும்போது கால், வாலில் திசை திருப்பும் ரடரின் மிதியை அழுத்திவிடும். அவர் கட்டவில்லை, வாங்கியவர்.

சாம்பல்ஹாங்கர்:
நல்லது, என் பக்கத்துக்குச் சாட்சி சொல்லிவிட்டீர்கள். வடிவமைத்த பர்ட் ரூட்டனின் வரைபடத்தில் அந்த வால்வு அங்கே இல்லை. கட்டியவர்தான் இடத்தை மாற்றினார். நீங்கள் கொண்டாடுகிற சுதந்திரம்தான் அதை அங்கே கொண்டுபோய் வைத்தது. செஸ்னாவில் ஒருத்தர் தன் இஷ்டத்துக்கு வால்வை நகர்த்திவிட்டுப் போக முடியாது.

டார்க்மீட்டர்:
மெக்கானிக்காக இடையில் வருகிறேன், இரண்டு பேருமே உள்ளதில் பாதியைத்தான் சொல்கிறீர்கள். செஸ்னா தன் பிஸ்டன் விமானத் தயாரிப்பை 1986ல் நிறுத்தி 90களின் கடைசியில்தான் மறுபடி தொடங்கியது, 150 மாடல் 1977லேயே நின்றுவிட்டது. ஆக, கட்டுப்படியாகிற விலையில் வருகிற செஸ்னா பெரும்பாலும் 40, 50 வருடப் பழசு. "தொழிற்சாலையில் செய்தது" என்பது அது வெளியே வந்த நாளுக்குத்தான் பொருந்தும். அதற்குப் பிறகு எத்தனை பேர் கை வைத்தார்கள், எங்கே துரு ஏறியது, இறக்கை எப்போது இடிபட்டு ஒட்டுப் போடப்பட்டது என்பதெல்லாம் பராமரிப்புப் பதிவேட்டில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கட்டுகிறவர்களுக்கும் ஒன்று. தகடுகளை இணைக்கிற ரிவெட் ஆணி வரிசை கொஞ்சம் கோணலாகப் போனால் ஆள் சாகமாட்டார், எரிபொருள் அமைப்பில் கோளாறு வைத்தால் சாவார். முதல் பறப்புகளில் என்ஜின் நிற்கிற கதைகளில் அடிக்கடி வருவது குழாய், டேங்குக்குக் காற்று விடும் வென்ட், டேங்கில் கிடக்கும் கசிவடைப்பு சீலன்ட் துணுக்கு இவைதான். சான்றளித்த என்ஜின், அதற்குப் பொருந்திய ப்ரொபெல்லர் என்றால் சோதனைப் பறப்பு 25 மணி நேரம், இல்லாவிட்டால் 40 என்று வழக்கமாகக் கொடுப்பார்கள். பல பேர் அதைச் சும்மா வட்டமடித்துத் தீர்க்கிறார்கள். 2014லிருந்து தகுதியான இன்னொரு விமானியைக் கூட ஏற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது, தனியாகத்தான் போவேன் என்று வீம்பு பிடிக்க வேண்டியதில்லை.

சாம்பல்ஹாங்கர்:
பழைய செஸ்னா பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் கிட் கம்பெனியை நம்பி உட்காருவதும் ஒரு ரிஸ்க்தானே? ஆர்வி கிட்களைச் செய்கிற வேன்ஸ் நிறுவனம் லேசரில் வெட்டிய பாகங்களில் துளை ஓரம் விரிசல் விட்டு, 2023 டிசம்பரில் திவால் பாதுகாப்புக் கேட்டுப் போனது. முன்பணம் கட்டியவர்களிடம் கூடுதல் தொகை கேட்டார்கள். 1973ல் தொடங்கிய, 11,000க்கு மேல் விமானங்கள் பறக்கிற கம்பெனிக்கே இந்தக் கதி.

ரிவெட்கை:
அதே கம்பெனி 2024ல் அதிலிருந்து வெளியேயும் வந்துவிட்டது, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? கம்பெனி போனாலும் தகடும் வரைபடமும் என்னிடம் இருந்தால் ஒரு பாகத்தை நானே செய்து மாட்டிக்கொள்வேன். செஸ்னா மாதிரி சான்றிதழ் பெற்ற தொழிற்சாலை விமானத்தில் ஒரு கதவுக் கைப்பிடிக்கே அங்கீகரித்த பாகம் தேடி அலைய வேண்டும்.

காற்றுத்திசை:
இரண்டு பக்கமும் படித்ததில் எனக்குப் பட்டது, அடுத்தவர் வீட்டில் கட்டியதை வாங்கக் கூடாது.

டார்க்மீட்டர்:
அப்படி நான் சொல்லவே இல்லை. நன்றாகக் கட்டிய ஆர்வி கிடைத்தால் எனக்கு வாங்கத் தயக்கம் இல்லை. அந்த ரகம் தெரிந்த ஆளை வைத்துப் பிரித்துப் பாருங்கள், அதே ரகத்தில் பயிற்சி எடுத்த பிறகு ஓட்டுங்கள். ரிப்பேர்மேன் சான்றிதழ் கட்டியவரோடு போய்விடும், அதை வைத்து வருடாந்திரப் பரிசோதனையில் நீங்கள் கையெழுத்துப் போட முடியாது. மற்ற பராமரிப்பை நீங்களே செய்யலாம்.

ரிவெட்கை:
முழுக் கிட்டையும் ஒரே அடியில் வாங்காதீர்கள், வால் பகுதி மட்டும் முதலில் வாங்குங்கள். டிரில் போட்டு, பிசிறு எடுத்து, ரிவெட் அடித்துப் பார்த்தால் இது நம்மால் ஆகுமா என்று தெரிந்துவிடும். ஒத்துவராவிட்டால் அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், நட்டமும் அளவோடு போகும்.

சாம்பல்ஹாங்கர்:
அந்த யோசனையை மறுக்கமாட்டேன். ஆனால் வால் கட்டுகிற காலத்திலும் வாடகை விமானத்தில் பறந்துகொண்டே இருங்கள், அதை நிறுத்தினால் இந்தத் திட்டமே வீண். சொந்தமாகவே இப்போது வேண்டும் என்றால் இரண்டு பேர் சேர்ந்து ஒரு செஸ்னா 150 வாங்கலாம், ஓட்டிக்கொண்டே கட்டலாம். ரிவெட்கை அண்ணனுக்கு இது பிடிக்காது.

ரிவெட்கை:
ஏன் பிடிக்காது? சோதனைப் பறப்பு நாளில் கை துருப்பிடிக்காமல் இருக்கும். இரண்டுக்கும் பணம் எங்கிருந்து வரும் என்பதை மட்டும் அவரிடம் கேளுங்கள்.

காற்றுத்திசை:
சரி, வால் கிட்டுக்கு ஆர்டர் போடுகிறேன். ஒரே ஒரு சந்தேகம், தகடுகளின் உள்பக்கம் முழுக்க துருத் தடுப்புப் பூச்சான பிரைமர் அடிக்க வேண்டுமா, இல்லை தகடுகள் ஒன்றையொன்று தொடுகிற இடங்களில் மட்டும் போதுமா?

டார்க்மீட்டர்:
போச்சு. அதற்குத் தனியாக ஒரு இழை தொடங்குங்கள், இது தாங்காது.

ரிவெட்கை:
முழுக்க அடியுங்கள்.

சாம்பல்ஹாங்கர்:
பல பழைய செஸ்னாக்கள் உள்பக்கம் பிரைமரே இல்லாமல் வந்தவைதான், இன்னும் பறக்கின்றன. எடைதான் ஏறும்.